எஸ்பி பிளாஷ் டூல்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

மீடியாடெக் சிப் உள்ள போன் லோகோவிலேயே நின்றாலோ, அப்டேட் பாதியில் அறுந்து ஆன் ஆகாமல் போனாலோ முதலில் கைகொடுப்பது, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குள் சாப்ட்வேரை எழுதும் எஸ்பி பிளாஷ் டூல்தான். டூல் நம்பகமானது. போன் பாழாவது பெரும்பாலும் டூலில் எழுதும் மோடைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால்தான்.

'டவுன்லோட் ஒன்லி' மோடு, நாம் டிக் செய்த பார்ட்டிஷன்களை (போன் மெமரியின் தனித்தனிப் பகுதிகளை) மட்டுமே எழுதும். பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும். 'ஃபார்மேட் ஆல் + டவுன்லோட்' மோடு என்விரேம் என்ற பார்ட்டிஷனையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), வைஃபை முகவரி, அந்த ஒரு போனுக்கென்றே தொழிற்சாலையில் எழுதிய சிக்னல் அளவீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வைஃபை பட்டியலில் 'என்விரேம் வார்னிங்' என்று ஒரு பெயர் தெரிந்தால் என்விரேம் போய்விட்டது என்று அர்த்தம். வேறு போனின் என்விரேமை எடுத்துப் போடுவது தீர்வே அல்ல. ஆகவே, டூலால் போனைப் படிக்க முடிகிற நிலையில் இருந்தால், எதையும் எழுதும் முன், போனில் இருப்பதை நகல் எடுக்கும் ரீட்பேக் டேபுக்குப் போங்கள். ஸ்கேட்டர் பைலை (பார்ட்டிஷன்களின் பட்டியல் உள்ள பைல்) நோட்பேடில் திறந்து என்விரேம், என்விடேட்டா, இரண்டு புரொடெக்ட் பார்ட்டிஷன்கள் ஆகியவற்றின் தொடக்க முகவரியையும் அளவையும் அப்படியே கொடுத்துச் சேமியுங்கள். சில நிமிட வேலை. இதைத் தவிர்க்கவே கூடாது.

கம்ப்யூட்டர் போனை அடையாளம் காண உதவும் வீகாம் டிரைவரை முன்பே போட்டிருக்க வேண்டும். அணைத்த போனைச் செருகியதும் பிரீலோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் சிறு புரோகிராம்) போர்ட் கம்ப்யூட்டரில் சில வினாடிகளே தலைகாட்டும். டிரைவர் இல்லாவிட்டால் போன் சார்ஜிங்குக்குத் தாவிவிடும். அதனால் முதலில் டவுன்லோட் பட்டனை அழுத்திவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். சில மாடல்களில் வால்யூம் பட்டனைப் பிடித்தபடி செருக வேண்டும். சிவப்புப் பட்டை 100% காட்டிவிட்டு நகராமல் நின்றால் கேபிள், பேட்டரி சார்ஜ், யுஎஸ்பி போர்ட் மூன்றையும் பாருங்கள். ஹப் வேண்டாம், கம்ப்யூட்டரின் பின்பக்க 2.0 போர்ட்டே உத்தமம்.

4032 பிழை ரேமைத் தொடங்க முடியவில்லை என்கிறது. மாடல் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே மெமரி சிப் வேறாக இருந்தால், பிரீலோடரில் அதற்கான அமைப்பு இருக்காது. போர்டு எண்ணுக்குப் பொருந்தும் பைலைத் தேடுங்கள். 'பிஎம்டி சேஞ்ச்ட்' என்று வந்தால் ஸ்கேட்டரின் பார்ட்டிஷன் அட்டவணையும் போனில் உள்ளதும் ஒத்துப்போகவில்லை. பைல் சரியானது என்று உறுதியானால் மட்டும் 'ஃபர்ம்வேர் அப்கிரேட்' என்ற மூன்றாவது மோடைப் போடலாம். அது என்விரேமை எடுத்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, திரும்ப எழுதும். அப்போதும் ரீட்பேக் நகல் கையில் இருக்கட்டும்.

போனில் உள்ள பிரீலோடர் நன்றாக இருந்தால் டூலில் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். தவறான பிரீலோடர் ஏறினால், போனைத் திறந்து போர்டில் டெஸ்ட் பாயிண்ட் (பழுதுபார்க்க இணைக்கும் உலோகப் புள்ளி) தேட வேண்டிய நிலைகூட வரும். படங்களைக் காப்பாற்ற வேண்டுமானால், அதே வெர்ஷனை 'டவுன்லோட் ஒன்லி'யில் எழுதும்போது நம் பைல்கள் இருக்கும் யூசர்டேட்டா பார்ட்டிஷனையும் டிக் செய்யாமல் விட்டுவிடலாம்.

புதிய மாடல்கள் பலவற்றில் கம்பெனி அனுமதி இல்லாமல் பிளாஷ் ஏறாதபடி பூட்டியிருக்கிறார்கள். அங்கே இந்த டூல் தனியாக உதவாது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே நல்லது.

பச்சை டிக் வந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். முதல் பூட்டுக்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள்.