பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா? 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவள் சொல்கிறேன்

சனிக்கிழமை ராத்திரி குட்டி செத்துப்போச்சு. வாங்கி ஆறே நாள்.

பழைய சோபா, பைக் எல்லாம் விற்கும் ஒரு செயலியில்தான் விளம்பரம் பார்த்தேன். ‘பெர்சியன், செமி பஞ்ச், ப்ளூ ஐ, 60 நாள், தடுப்பூசி போட்டாச்சு’. செமி பஞ்ச் என்றால் கொஞ்சம் தட்டையான மூஞ்சி. விலை 9,500 ரூபாய்.

போனால், விற்கிறவன் மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டான். “எங்க அம்மாவுக்கு உடம்பு முடியலக்கா, உள்ள வேணாம்.” தாய்ப்பூனையைக் கேட்டேன், போனில் வீடியோ காட்டினான். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் குட்டியை என் கையில் வைத்துவிட்டானே! கண்ணோரம் ஈரத்துணியால் துடைத்த தடம், வாலுக்கடியில் அப்பிய பேபி பவுடர். “இப்பதான் குளிப்பாட்டுனேன்க்கா, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று அதன் நெற்றியில் முத்தம் வேறு. என் மகள் அதற்குள் பெயரே வைத்துவிட்டாள். நின்ற இடத்திலேயே யுபிஐயில் 9,500 அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து பவுடர் உதிர்ந்ததும் பார்த்தால், கீழே மஞ்சளாய்க் காய்ந்த பேதி. செவ்வாய் ராத்திரி வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். எடை 480 கிராம். இரண்டு மாதக் குட்டி என்றால் கிட்டத்தட்ட 900 கிராம் இருக்குமாம். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு, “அஞ்சு வாரம்கூட இருக்காதும்மா” என்றார். தடுப்பூசியே ஆறு வாரத்துக்கு மேல்தான் தொடங்குவார்கள். அவன் கொடுத்த அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, பேனாவில் ஒரு தேதி மட்டும். அந்த ப்ளூ ஐ? பிறந்த குட்டிகளுக்கெல்லாம் கண் நீலம்தான், ஆறேழு வாரத்தில் மாறிவிடுமாம். அதற்கென்று ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறான் பாவி! ரத்தத்தில் வெள்ளணு மிகக் குறைவு. பேன்லூக்கோபீனியாவாம், பூனைக்குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய், பார்வோ வகை வைரஸால் வருவது. ட்ரிப்ஸ் ஏற்றியும் தாங்கவில்லை.

புதன்கிழமை அவனுக்குப் போன் செய்தால், “கிளைமேட் ஒத்துக்கலக்கா, தயிர்சாதம் குடுங்க.” வியாழன், “நீங்க என்ன மேடம் சாப்பிடக் குடுத்தீங்க?” அக்கா மேடம் ஆகிவிட்டேன். வெள்ளி, “எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு.” சனிக்கிழமை, செத்த குட்டியின் படத்தை அனுப்பினேன். இரண்டு நீல டிக், அப்புறம் பிளாக். செயலிக்காரர்களிடம் புகார் செய்தால், அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒரு வரி பதில். என் 9,500 போனது போனதுதான். இன்று அதே செயலியில் பார்க்கிறேன், என் குட்டியின் விளம்பரப் படத்தில் இருந்த அதே ரோஸ் துண்டில் வேறு குட்டி, 10,500 ரூபாய்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதைப் பத்துப் பாயின்டாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. தாயை நேரில் காட்டாவிட்டால் வாங்காதீர்கள். வாலைத் தூக்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். எடை போடுங்கள், சமையலறைத் தராசே போதும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கடைகள் விற்கவே கூடாது என்று 2018 விதி இருக்கிறது. டாக்டர் பார்த்த பிறகே முழுப் பணம்.

இந்த வைரஸ் வீட்டில் ஒரு வருஷம்கூடக் கிடக்குமாம். தரை முழுக்க ப்ளீச் கரைசல் போட்டுத் துடைக்க வேண்டும், நான் போகிறேன்.