ஊழியரா, ஒப்பந்தக்காரரா, நாடோடியா?

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரிமோட்டாக வேலை பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு ஆசைகள் ஒன்றாகக் கலந்திருக்கும். டாலரிலோ யூரோவிலோ சம்பளம் வர வேண்டும் என்பது ஒன்று. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நினைத்த நாட்டில் போய் உட்கார வேண்டும் என்பது இன்னொன்று. இவை தனித்தனி முடிவுகள். முதலாவதில், நீங்கள் அந்த நிறுவனத்துக்கு மாதச் சம்பள ஊழியரா, இன்வாய்ஸ் அனுப்பும் ஒப்பந்தக்காரரா என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். இரண்டாவதில், ஒரே நாட்டில் வசிப்பதா, நாடு நாடாக நகர்வதா என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். சேர்த்துப் பார்த்தால் நான்கு வகை வாழ்க்கை வரும். அதில் மூன்றை ஓரளவு நிம்மதியாக நடத்தலாம். ஊழியராகவும் இருப்பேன், நாடு நாடாகவும் சுற்றுவேன் என்கிற நான்காவதுக்குத்தான் ஆசைப்படுகிறவர்கள் அதிகம். சட்டப்படி நடத்தக் கடினமானதும் அதுதான்.

ஊழியரும் ஒப்பந்தக்காரரும்

உங்கள் நாட்டில் கிளை இல்லாத நிறுவனம் உங்களை ஊழியராக எடுக்க வேண்டுமானால், பொதுவாக நடுவில் ஓர் இடைநிறுவனம் வரும். டீல், ரிமோட், ஆய்ஸ்டர் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட்' என்ற முறையில் காகிதத்தில் அவர்கள்தான் உங்கள் முதலாளி. வேலை வாங்குவது வெளிநாட்டு நிறுவனம். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, சமூகப் பாதுகாப்புக்கான பங்கைக் கட்டுவது எல்லாம் இடைநிறுவனம். நீங்கள் வசிக்கும் நாட்டின் தொழிலாளர் சட்டமே உங்களுக்குப் பொருந்தும். விடுப்பு உண்டு, நோட்டீஸ் காலம் உண்டு, வீட்டுக் கடனுக்குப் போனால் காட்டுவதற்குச் சம்பளச் சீட்டும் உண்டு.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. இடைநிறுவனத்தின் மாதக் கட்டணம், முதலாளி கட்ட வேண்டிய பங்களிப்பு இரண்டும் பெரும்பாலும் உங்களுக்கென்று ஒதுக்கிய பட்ஜெட்டிலிருந்தே போகும். அதனால் அதே வேலைக்கு ஒப்பந்தக்காரருக்குச் சொல்லும் தொகை கொஞ்சம் பெரிதாகவே தெரியும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

வாரத்துக்கு 5 நாள் வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 260 வேலை நாட்கள். ஊழியருக்கு 260 நாளுக்கும் சம்பளம். ஒப்பந்தக்காரருக்கோ வேலை செய்த நாளுக்கு மட்டும். விடுப்புக்கு 25, பொது விடுமுறைக்கு 10, உடம்பு சரியில்லாத நாட்களுக்கு 5, ஒரு வேலை முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை 20 என்று கழித்தால் கையில் நிற்பது 200. அப்படியானால் ஊழியரின் சம்பளத்துக்கு ஈடாக வரவே நாள் கூலி 30 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, லேப்டாப், கணக்காளர் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவையும் சேர்த்து 40, 50 சதவீதம் கூடுதலாகக் கேட்டால் பேராசை என்று யாராவது நினைக்கலாம். உண்மையில் அது வெறும் சமன்பாடுதான்.

பிறகு ஏன் ஒப்பந்தத்தை விரும்புகிறார்கள்? ஒன்றுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தால் ஒருவர் கைவிட்டாலும் அடுப்பு அணையாது. கட்டணத்தை நீங்களே ஏற்றலாம். நேரமும் பெரும்பாலும் உங்கள் கையில். ஆனால் ஒரே நிறுவனத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் கொடுத்த கருவியில், வருடக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டு பெயருக்கு மட்டும் ஒப்பந்தக்காரராக இருந்தால், இரண்டு பக்கத்துச் சுமையும் உங்கள் தலையில், சுதந்திரம் மட்டும் இல்லை. பல நாடுகளின் சட்டம் இதை மறைமுக வேலைவாய்ப்பு என்றே பார்க்கும்; பிடிபட்டால் பெரும்பாலும் நிறுவனம்தான் பாக்கி கட்ட வேண்டிவரும். பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் நீண்டகால ஒப்பந்தக்காரர்களைக் கண்டு தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே வாடிக்கையாளர், நீண்ட காலம் என்றால் ஊழியராகவே கேட்டு வாங்குங்கள் என்பது என் கட்சி.

சம்பளத்தை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதிலும் நிறுவனங்கள் இரண்டு விதம். கிட்லேப் ஊழியர் வசிக்கும் இடத்தைக் கணக்கில் எடுத்துச் சம்பளம் போடுகிறது. 37சிக்னல்ஸ் எங்கிருந்தாலும் ஒரே சம்பளம், அதுவும் சான் ஃபிரான்சிஸ்கோ சந்தையை அளவுகோலாக வைத்து என்கிறது. இடம் மாறினால் சம்பளம் மாறுமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது; நாடோடி ஆகும் எண்ணம் உள்ளவர்கள் கேட்காமல் விடவே கூடாது.

பணம் வந்து சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வங்கிவழி ஸ்விஃப்ட் பரிமாற்றத்தில் இடையில் உள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கட்டணத்தைவிட மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கும் இழப்புதான் பெரிது. வைஸ், பேயோனியர் போன்ற பணப் பரிமாற்றச் சேவைகளை ஒப்பிடும்போது 'கட்டணம் எவ்வளவு' என்று பார்க்காமல், 1,000 டாலர் அனுப்பினால் கணக்கில் கடைசியில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஊழியருக்கு இந்தத் தலைவலியே இல்லை. உள்ளூர் நாணயத்தில் சம்பளம் வந்துவிடும்.

ஒரே இடமா, ஊர் ஊராகவா?

நாடோடி வாழ்க்கைக்கு முதல் எதிரி இணைய வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் கடிகாரம்தான். நியூயார்க் குழுவோடு வேலை செய்கிறவர் லிஸ்பனில் இருந்தால் வித்தியாசம் 5 மணி நேரம். அங்கே காலை 10 மணிக் கூட்டம் இவருக்குப் பிற்பகல் 3 மணி. காலைப்பொழுது முழுக்கச் சொந்தம், அருமையான ஏற்பாடு. அதே ஆள் பாங்காக் போனால் அந்தக் கூட்டம் கோடையில் இரவு 9 மணி, குளிர்காலத்தில் இரவு 10 மணி. ஓரிரு வாரம் தாங்கும். மூன்று மாதம் கழித்து அந்த ஊரைப் பகலில் பார்த்த ஞாபகமே இருக்காது. பெர்லின் குழு என்றால் பாங்காக் நன்றாகவே ஒத்துவரும்: 5 அல்லது 6 மணி நேரம்தான்.

போதாததற்கு, கோடையில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, குளிர்காலத்தில் பழையபடி வைக்கும் கடிகாரத்தை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாளில் மாற்றுவதில்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றும். ஐரோப்பா மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். இடைப்பட்ட வாரங்களில் இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் வைத்திருப்பவரின் நாட்காட்டி சின்னாபின்னம்தான்.

ஒரே இடத்தில் இருப்பவர் இதை ஒருமுறை சரிசெய்தால் போதும். நாடோடி ஒவ்வொரு நகர்வுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். வீடு தேடுவதும் அப்படித்தான். மாத வாடகைக்குக் கிடைக்கும் அறைகலன்கள் உள்ள வீடு, ஆண்டு ஒப்பந்தத்தில் கிடைக்கும் வீட்டைவிடப் பெரும்பாலும் விலை அதிகம். 'செலவு குறைந்த நாட்டில் போய் இருப்பேன்' என்ற கணக்கில் பாதி அங்கேயே கரைந்துவிடும். மீதியை விமானச் சீட்டு தின்னும். மாதத்துக்கு ஒரு நாடு என்று பறக்கிறவர்களைவிட ஒரு நாட்டில் மூன்று மாதமாவது தங்குகிறவர்களே கணக்கிலும் வேலையிலும் தேறுகிறார்கள்.

எந்த விசா?

2020-இல் பார்படாஸ், எஸ்டோனியா ஆகியவை ரிமோட் ஊழியர்களுக்கென்றே தனி அனுமதி கொண்டுவந்தன. அதன் பிறகு வரிசை நீண்டுகொண்டே போகிறது. இந்த விசாக்களை நான் பிரித்துப் பார்ப்பது, அவை உங்களிடம் என்ன நிரூபணம் கேட்கின்றன என்பதை வைத்து.

எஸ்டோனியாவுக்கு மாத வருமானம் முக்கியம். இப்போது வரிக்கு முன் 4,500 யூரோ கேட்கிறார்கள். போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் தொடங்கிய டி8 விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் 4 மடங்கு வேண்டும். அந்த ஊதியம் ஆண்டுதோறும் ஏறுவதால் உங்கள் இலக்கும் ஏறும். ஸ்பெயின் 2 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறது, ஆனால் பட்டமோ 3 ஆண்டு அனுபவமோ கேட்கும். நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், உங்களுக்கும் அதற்கும் 3 மாத உறவாவது இருக்க வேண்டும். நேற்றுதான் வேலையில் சேர்ந்தவருக்கு அது ஆகாது.

தாய்லாந்து 2024 ஜூலையில் கொண்டுவந்த டிடிவி என்ற விசா வேறு மாதிரி. மாத வருமானத்தைவிடச் சேமிப்பைப் பார்க்கிறது: 5 லட்சம் பாட். ஐந்தாண்டு செல்லுபடி, ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். ஒரு மாதம் வருமானம் கொட்டி, மறு மாதம் வறண்டுபோகும் ஒப்பந்தக்காரருக்கு இதுதான் வசதி. ஜப்பான் 2024 மார்ச் இறுதியில் திறந்த விசாவோ 6 மாதம்தான், நீட்டிக்க முடியாது, ஆண்டுக்கு 1 கோடி யென் வருமானம் வேண்டும். அதுவும் விசா விலக்கும் வரி ஒப்பந்தமும் உள்ள நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும். திறமையும் வருமானமும் இருந்தும் பாஸ்போர்ட்டின் நிறம் தடுக்கும் இடம் அது. இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத சங்கதி இது; ஊர் சுற்றும் காணொளிகள் எடுப்பவர்களில் பெரும்பாலோர் வலுவான பாஸ்போர்ட்காரர்கள்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டுச் சுற்றுலா விசாவிலேயே லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் நிறைய. பல நாடுகள் கண்டுகொள்வதில்லை என்பது உண்மை. அதற்காக அது அனுமதி ஆகிவிடாது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணு நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை அந்தக் கணக்கை இயந்திரத்திடம் ஒப்படைத்திருக்கிறது. முத்திரை மங்கியிருந்தது என்ற சாக்கு இனி எடுபடாது. எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி அட்டையை விசா என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது இணையவழி நிறுவனம் நடத்த உதவும் அடையாளம். தங்கும் உரிமையும் தராது, வரி வசிப்பிடமும் ஆகாது.

வரி

'எங்கும் நிரந்தரமாக இல்லை, அதனால் எங்கும் வரி இல்லை' என்பது நாடோடிகளிடையே புழங்கும் பெரிய கட்டுக்கதை. ஓர் ஆண்டில் 183 நாள் இருந்தால் வரி வசிப்பாளர் என்பது பரவலான விதி. சில நாடுகளில் அதற்கும் குறைவான நாட்களே போதும். எங்குமே அந்த எண்ணைத் தொடாவிட்டாலும், சொந்த நாடு உங்களை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. வீடு, குடும்பம், வங்கிக் கணக்கு அங்கே இருந்தால் இன்னும் அங்கே வசிப்பவர் என்றே கணக்கு வைக்கலாம். அமெரிக்கக் குடிமக்கள் உலகில் எங்கிருந்தாலும் தாய்நாட்டுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும்.

நாடோடி விசா இருந்தால் வரி கிடையாது என்பதும் தவறு. குரோஷியா தன் நாடோடி விசாவில் இருப்பவர்களின் வெளிநாட்டு வேலை வருமானத்துக்கு வரி விலக்குத் தருகிறது. தாய்லாந்து அப்படியில்லை. அங்கே ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்கலாம். அதே 180 நாளை ஒரு காலண்டர் ஆண்டுக்குள் தொட்டால் வரி வசிப்பாளராகவும் ஆகிவிடுவீர்கள். 2024 முதல் வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணமும் அங்கே கணக்கில் வருகிறது. 170 நாளில் கிளம்புகிறவர்கள் விவரமானவர்கள்.

ஊழியர் ஏன் நாடோடி ஆவது கடினம்

இந்த வரி விஷயத்தால்தான் ஊழியர் சுற்றுவதை நிறுவனங்கள் விரும்புவதில்லை. ஊழியர் ஒரு நாட்டில் நீண்ட நாள் இருந்து வேலை செய்தால், நிறுவனத்துக்கே அங்கே 'நிரந்தர நிலையம்' இருப்பதாக அந்நாட்டு வரித்துறை வாதிடலாம். அப்புறம் அங்கே நிறுவன வரி, சமூகப் பாதுகாப்புப் பங்கு என்று கதவு திறந்துவிடும். ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் விற்பனைப் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். இடைநிறுவனம் வழியாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு மற்றொரு முடிச்சு: அவருடைய ஒப்பந்தமே ஒரு குறிப்பிட்ட நாட்டுச் சட்டத்தில் எழுதப்பட்டது.

இணைய இணைப்பு வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன் போட்டு, இருக்கும் இடத்தை மறைத்துவிடலாம் என்கிறவர்களுக்கு: நிறுவனம் கொடுத்த லேப்டாப்பில் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் இருக்கும். மறைத்தது தெரிந்தால் இடத்தைவிடப் பொய்தான் வேலைக்கு உலை வைக்கும்.

ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கெடுபிடி மிகக் குறைவு. எங்கிருந்து வேலை செய்கிறார் என்பது பெரும்பாலும் அவர் பாடு. ஒரு விதிவிலக்கு: அமெரிக்க நிறுவனத்துக்கு, தான் அமெரிக்கர் அல்ல என்று உறுதி தரும் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கொடுத்து, வெளிநாட்டிலிருந்து செய்யும் வேலை என்று வரிப் பிடித்தமின்றிப் பணம் வாங்குகிறவர், அமெரிக்காவுக்கே போய் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தால் கதை மாறும். வேலை நடந்த இடம் அமெரிக்கா என்பதால் அந்த வருமானம் அமெரிக்க வருமானம் ஆகிவிடும்.

ஆக, முழுநேர நாடோடியாக வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இரண்டு, மூன்று வாடிக்கையாளரோடு ஒப்பந்தக்காரராக இருந்து கிளம்புங்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் கவனித்து எடுங்கள். பயணக் காப்பீடு பொதுவாக அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே. நாள்பட்ட நோய்க்கும் வழக்கமான பரிசோதனைக்கும் சர்வதேச மருத்துவக் காப்பீடு வேண்டும், விலையும் அதற்கேற்ப இருக்கும். குழந்தைகள், வயதான பெற்றோர், கடன் தவணை உள்ளவர்கள் ஊழியராக, ஒரே இடத்தில் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அப்படி இருப்பவர்களுக்கும் முழுக்கக் கதவு மூடவில்லை. ஏர்பிஎன்பி 2022 ஏப்ரலில் தன் ஊழியர்களுக்கு, ஒவ்வொரு வெளிநாட்டு இடத்திலும் ஆண்டுக்கு 90 நாள் வரை வேலை பார்க்கலாம் என்று அறிவித்தது. வேறு பல நிறுவனங்களும் நாட்கணக்கு வைத்து இப்படி அனுமதிக்கின்றன. சேரும்போது மனிதவளத் துறையிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எத்தனை நாள், எந்தெந்த நாடுகள், அந்த நாடுகளில் வேலை பார்க்கத் தேவையான விசாவுக்கு யார் பொறுப்பு. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'நீங்கள்தான்' என்றே பதில் வரும்.