கருக்கலைப்புத் தடை: நம்பிக்கையா, கட்சியா?

அமெரிக்க வாக்காளர்கள் கருக்கலைப்புத் தடையை ஆதரிக்க இரண்டு காரணங்கள் சொல்லப்படுவதுண்டு: கருவும் உயிர்தான் என்ற நம்பிக்கை, அல்லது கட்சி விசுவாசம்.

கட்சிதான் என்றால் கான்சஸ் இடிக்கிறது. 2020இல் கருக்கலைப்பை எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் டிரம்ப்புக்கு 56 சதவீதம் கொடுத்த மாநிலம், 2022 ஆகஸ்டில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், கருக்கலைப்பு உரிமையைப் பறிக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்தை ஏறக்குறைய 59 சதவீத வாக்குகளால் நிராகரித்தது. ஃபுளோரிடாவில் 2024இல் டிரம்ப்பும் வென்றார், கருக்கலைப்பு உரிமையைக் காக்கும் திருத்தத்துக்கும் 57 சதவீத வாக்கு கிடைத்தது. நிறைவேற 60 சதவீதம் தேவை என்பதால்தான் அது தோற்றது.

சரி, நம்பிக்கை? வலுவான காரணம்தான். ஆனால் தடையை ஆதரிப்பவர்களிலேயே பலர் வல்லுறவால் உண்டான கர்ப்பத்துக்கு விலக்கு கேட்கிறார்கள். உயிர் மட்டுமே கணக்கு என்றால் அதற்கு இடமேது? பெண் எப்படிக் கருவுற்றாள் என்பதும் மனதில் ஓடுகிறது. இருந்தும் நான் நம்பிக்கைப் பக்கம்தான் சாய்வேன். கட்சி முந்துவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான்.