"100% செம்பு"ன்னு வந்த ஷீல்டு கேபிள்: 14,000 போச்சு, வாங்குறவங்க உஷார்

நேத்து ராத்திரிதான் உறுதியாச்சு, வயிறு இன்னும் எரியுது. ஆளாளுக்குக் கடை போட்டு விக்கிற ஒரு ஆன்லைன் தளம். "100% செம்பு, 3 கோர், 24 கேஜ், ஷீல்டு"ன்னு விக்கிறவன் போட்டிருந்தான். (கோர்னா உள்ளே ஓடுற கம்பி, கேஜ்னா அதோட தடிமன், ஷீல்டுன்னா வெளி மின் இரைச்சலைத் தடுக்கிற ஃபாயில் உறை.) 100 மீட்டர் ரோல் மூணு, மொத்தம் 14,000.

விசாரிக்காம வாங்கலை. "கம்பியை உரிச்சு ஒரு படம் அனுப்புங்க"ன்னு கேட்டதும் பத்தே நிமிஷத்துல படம் வந்துச்சு. கம்பி செக்கச்செவேல்னு மின்னுச்சு. அந்த ஒரு படத்தை நம்பித்தான் பணம் கட்டினேன். செம்பு முலாம் பூசின அலுமினியமும் பக்கவாட்டுல அப்படியேதான் தெரியும்! பிளேடால சுரண்டினப்போ உள்ளே வெள்ளைவெளேர்னு இருக்கு.

இதனால என்ன ஆகுதுன்னு பாருங்க. ரீடிங் எடுக்கிற போர்டோட இந்தக் கேபிள்ல இணைச்சது 12 வோல்ட்ல ஓடுற பிரஷர் சென்சார், 0–5 வோல்ட் அவுட்புட், இழுக்கிற கரண்ட் 30 மில்லிஆம்ப். அந்த 30 மில்லிஆம்பும் சிக்னலோட கிரவுண்ட் கம்பி வழியாத்தான் திரும்பி வருது. நல்ல செம்புல 24 கேஜ்னா 100 மீட்டருக்கு 8.4 ஓம். சென்சார் பக்கத்து கிரவுண்ட் 0.25 வோல்ட் மேல ஏறும், அது தெரிஞ்ச கணக்கு, போர்டோட புரோகிராம் கோடுல (code) கழிச்சுடலாம். இந்தக் கம்பி 13.5 ஓம். 0.4 வோல்ட் ஏறுது, ஃபுல் ஸ்கேல்ல, அதாவது முழு 5 வோல்ட்ல, 8%.

சரி, 0.4-ஐக் கழிச்சா போச்சுன்னு தோணும். நடக்காது. அலுமினியம் ஸ்க்ரூ டெர்மினல்ல நசுங்கித் தளர்ந்துடும், மேல ஆக்ஸைடு படியும், ஜாயிண்ட்டோட ரெசிஸ்டன்ஸ் நிலையா நிக்காது. காலையில செட் பண்ண ஜீரோ சாயங்காலம் வேற இடத்துல இருக்கு. ஷீல்டாவது உருப்படியான்னா, ட்ரெய்ன் வயரே (ஃபாயிலை ஒட்டி ஓடி அதைக் கிரவுண்டோட சேர்க்கிற வெறுங்கம்பி) கிடையாது. ஃபாயிலோட ரெண்டு முனையிலயும் மீட்டர் வச்சா கன்டின்யுட்டி (மின் தொடர்ச்சி) இல்லை. மோட்டர் ஓடினதும் ரீடிங் ஆடுது.

புகார் பண்ணினா முதல் பதில், "உங்க கோடு தப்பு, ஏடிசியைக் காலிபிரேட் பண்ணுங்க." (ஏடிசின்னா போர்டுல வோல்டேஜை எண்ணா மாத்துற பகுதி.) மீட்டர் படத்தை அனுப்பினா, "மீட்டர் சரியில்லை." சுரண்டின படத்தை அனுப்பினா, "ரோலை வெட்டிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." வெட்டாம உள்ளே என்ன இருக்குன்னு எப்படிங்க பார்க்கிறது? தளத்துக்காரங்க "விற்பனையாளரையே தொடர்பு கொள்ளுங்க"ன்னு ஒரு வரி எழுதிப் புகாரை மூடிட்டாங்க. 14,000. முழுசா 14,000!

வாங்குறவங்க ரோல் வந்த அன்னிக்கே ஒரு முனையில ரெண்டு கோரைச் சேர்த்து முறுக்கி, மறுமுனையில அளங்க. 24 கேஜ், 100 மீட்டர்னா சுமார் 17 ஓம் காட்டணும். என்னோடது 27. மீட்டர் ப்ரோபோட ரெசிஸ்டன்ஸைக் கழிக்க மறக்காதீங்க. படம் கேட்டா வெட்டின முகத்தைக் கேளுங்க, சுரண்டிக் காட்டச் சொல்லுங்க.

முடிஞ்சா வோல்டேஜ் அவுட்புட்டே வேண்டாம், 4–20 மில்லிஆம்ப் சென்சார் போடுங்க, அது ரீடிங்கைக் கரண்ட்டா அனுப்புறதால கம்பியோட ரெசிஸ்டன்ஸ் பாதிக்காது. போர்டு பக்கம் 150 ஓம் ரெசிஸ்டர் வச்சா 0.6-லிருந்து 3.0 வோல்ட், 3.3 வோல்ட் ஏடிசிக்குப் பொருந்தும். ஜீரோ வோல்ட் காட்டினா கம்பி அறுந்துச்சுன்னு அர்த்தம். வோல்டேஜ்தான்னா 4 கோர் வாங்கி, சிக்னலுக்குத் தனி கிரவுண்ட் இழுத்து, சிக்னலுக்கும் அந்தத் தனி கிரவுண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை அளங்க. ஷீல்டைப் போர்டு பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணுங்க.