சீட்டுக்கட்டு ஜோக்கரும் சர்க்கஸ் ஜோக்கரும்

ரம்மி ஆடும்போது கையில் வந்து விழும் ஜோக்கரை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். கொம்பு வைத்த குல்லா, கொம்பு நுனியில் மணி. பல கட்டுகளில் கையில் ஒரு கோலும் இருக்கும், அதன் தலையில் இன்னொரு குட்டி முகம் சிரிக்கும். சிவப்புப் பந்து மூக்கு கிடையாது, முகத்தில் வெள்ளைப் பூச்சும் கிடையாது. சர்க்கஸ் கூடாரத்தில் நாம் ஜோக்கர் என்று கூப்பிடுகிற ஆளுக்கும் இவனுக்கும் பெயர்தான் ஒன்று. சீட்டில் இருப்பவன் அரண்மனை விதூஷகன். கூடாரத்தில் இருப்பவன் கோமாளி. ஒரே சொல்லால் இருவரையும் அழைத்து அழைத்து இரண்டு தொழிலையும் குழப்பிவிட்டோம். இரண்டும் வேறு வேறு என்பதுதான் என் கட்சி.

விதூஷகனுக்குப் பார்வையாளர் ஒரே ஒருவர், அவனுக்குச் சோறு போடும் அரசர். அந்த ஒருவரைச் சிரிக்க வைத்தால் போதும். மந்திரிகள் வாயில் வராத சொல்லைச் சொல்லும் உரிமையும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இது ஐரோப்பாவில் பிறந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கிலேயே சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் தம் பெருநூலில் இப்படிப்பட்டவர்களுக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் எனக்கு மிகவும் பிடித்தவர் யோ ஜான். சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசருக்கு நகர மதில் முழுவதற்கும் மரப்பால் மெருகு பூசிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. யோ ஜான் எதிர்க்கவே இல்லை. அருமையான யோசனை, மக்களுக்குச் செலவும் சிரமமும்தான், ஆனால் மதில் வழவழவென்று ஆகிவிடும், எதிரி ஏறவே முடியாது என்று பாராட்டினார். அப்புறம் ஒரே ஒரு சிக்கல் சொன்னார். அந்த மெருகு திறந்த வெளியில் சரியாக இறுகாது, மூடிய அறைக்குள் வைத்துத்தான் உலர்த்த வேண்டும். மதிலை உள்ளே வைக்கிற அளவுக்கு ஓர் அறைதான் கட்ட வேண்டியிருக்கும். பேரரசர் சிரித்துவிட்டார், திட்டமும் நின்றுபோனது.

விதூஷகனின் கைத்திறன் மொத்தமும் இதில் இருக்கிறது. ஆயுதம் நாக்கு. ஆமாம் சாமி என்று ஆரம்பித்து, கடைசி வாக்கியத்தில் அரசரையே தன் முட்டாள்தனத்தைப் பார்க்க வைப்பது. அவன் விழுவதில்லை, எதிரில் இருப்பவரின் எண்ணத்தை விழ வைக்கிறான்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியிடம் 1525இல் வந்து சேர்ந்தவர் வில் சோமர்ஸ். இரண்டு மனைவியரின் தலையை வெட்டச் சொன்ன அந்த அரசரிடம் கடைசிவரை வேலை பார்த்து, அடுத்தடுத்து வந்தவர்களையும் பார்த்துவிட்டு 1560இல் இறந்தார். 1545ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ஹென்றி குடும்ப ஓவியத்தில் நடுவில் அரச குடும்பம் இருக்கிறது. ஓரத்து வளைவுக்கு வெளியே, தோளில் குரங்கோடு ஓர் ஆள் நிற்கிறார். அவர்தான் சோமர்ஸ் என்று கருதுகிறார்கள். படத்துக்குள் இருக்கிறார், குடும்பத்துக்கு வெளியே நிற்கிறார்.

அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. 1637இல் ஸ்காட்லாந்தில் புது ஜெபப் புத்தகத்தைத் திணிக்கப் போய்க் கலவரம் வெடித்தது. அந்தத் திணிப்புக்குப் பின்னால் இருந்த பேராயர் லாடைப் பார்த்து, ‘இப்போது முட்டாள் யார்?’ என்று கேட்டுவிட்டார் முதலாம் சார்லஸின் விதூஷகர் ஆர்ச்சிபால்ட் ஆர்ம்ஸ்ட்ராங். ஆர்ம்ஸ்ட்ராங்கின் அங்கியைத் தலை வழியாக உருவிவிட்டு வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்று 1638இல் அரசவை உத்தரவு போட்டது. லாடின் தலை 1645இல் போனது, சார்லஸின் தலை 1649இல் போனது. ஆர்ம்ஸ்ட்ராங் 1672வரை உயிரோடு இருந்தார்.

இதையெல்லாம் படித்துவிட்டு விதூஷகன் என்றாலே அறிவாளி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனவளர்ச்சி குன்றியவர்களையும் உயரம் குறைந்தவர்களையும் செல்லப்பிராணி போல வைத்திருந்த அரண்மனைகள் ஏராளம். ரஷ்யப் பேரரசி அன்னா, கோலிட்சின் என்ற பிரபுவையே தண்டனையாக விதூஷகனாக்கி, 1740 குளிர்காலத்தில் பனிக்கட்டியால் கட்டிய மாளிகையில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்து, மணமக்களை அன்றிரவு உள்ளேயே தங்க வைத்தார். அங்கே சிரித்தது அரியணை மட்டும்தான்.

கோமாளி கதை வேறு. ஆங்கிலத்தில் அவனுக்கான ‘க்ளவுன்’ என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது, விவரம் தெரியாத நாட்டுப்புறத்தான் என்றுதான் பொருள். அரண்மனை வாசலையே மிதிக்காதவன். சரி, அவன் சர்க்கஸுக்கு எப்படி வந்தான்? 1768இல் பிலிப் ஆஸ்ட்லி லண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கினார். அவருடைய வட்டம் 42 அடி விட்டத்தில் நிலைபெற்றது, இன்றும் சர்க்கஸ் வட்டத்துக்கு அதுதான் அளவு. வித்தைகளுக்கு நடுவே தையல்காரர் வேடத்தில் கோமாளி வருவார். குதிரை மேல் ஏறத் தெரியாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் விழுவார், குதிரை நகராது, நகர்ந்தால் நிற்காது. ஏறத் தெரியாதவனாக நடிக்க, மற்ற எல்லாரையும் விட நன்றாகக் குதிரை ஏறத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே கேலிக்கு ஆளாவது கோமாளிதான், வேறு யாரும் இல்லை. பார்ப்பவர் ஒருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர். கடைசி வரிசைக்குப் பேச்சு கேட்காது, முகமும் தெரியாது. அதனால்தான் பூச்சு. விதூஷகனுக்கு முகப்பூச்சு தேவைப்படவில்லை, அரசருக்கு அவனைப் பெயர் சொல்லித் தெரியும். வெள்ளை முகத்தில் கன்னத்துக்குக் கன்னம் சிவப்பு முக்கோணம் வரைந்து, பின்னால் வந்த கோமாளிகளுக்கெல்லாம் வழி காட்டியவர் லண்டன் மேடை நடிகர் ஜோசப் கிரிமால்டி. அங்கே இன்றும் கோமாளிக்கு ‘ஜோயி’ என்று பெயர்.

நம் பக்கம் வந்தால் இந்தக் கோடு கொஞ்சம் கலங்குகிறது. ஸ்பெஷல் நாடகத்தில் வரும் பபூன், பெயரையே ஆங்கிலத்திலிருந்து வாங்கியவர். தெருக்கூத்தின் கட்டியங்காரனோ துரியோதனனைப் பார்த்தே குறுக்குக் கேள்வி கேட்பார், நாக்கால் பிழைப்பவர். ஆனால் அந்தக் கேள்வி ராஜாவுக்கு இல்லை, விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்கு. என்னைக் கேட்டால் அவர் ஊர் வைத்துக்கொண்ட விதூஷகன்.

இருவரில் யார் உசத்தி என்றால் பெரும்பாலானவர்கள் விதூஷகனுக்குத்தான் கை தூக்குவார்கள். அரசரிடம் உண்மை பேசியவன் அல்லவா. என் கை கோமாளிக்கு. விதூஷகனின் தைரியம் அரசர் தந்த இரவல், வேண்டாம் என்றால் அங்கியோடு உருவிக்கொள்ளலாம். கோமாளி சிரிப்புக்கான விலையைத் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறான். கிரிமால்டி 1828இல் ட்ரூரி லேன் அரங்கில் விடைபெற்றபோது வயது 49. விழுந்து விழுந்து மூட்டெல்லாம் போய்விட்டது, நிற்கத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் காட்சியை நடித்தார். கடைசி வருடங்களில் வீட்டுப் பக்கத்து மதுக்கடையில் மாலை நேரத்தைக் கழிப்பார். கடை மூடியதும் கடைக்காரர் அவரை முதுகில் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வருவார்.