லிட்மன் கிளாசிக் 3: மர்மர் கேட்க இது போதுமா?

மர்மர் என்பது இதயத்தின் லப்-டப் ஒலிகளுக்கு இடையே கேட்கும் இரைச்சல். அதைக் கேட்க, வார்டில் வேலை பார்ப்பவருக்கு இந்த ஸ்டெதஸ்கோப் தாராளமாகப் போதும். கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதன் டயஃப்ரமை, அதாவது மார்பில் படும் மெல்லிய சவ்வை, லேசாக வைத்தால் தாழ்ந்த ஒலி, அழுத்தினால் உயர்ந்த ஒலி. வசதிதான், ஆனால் சிக்கலும் இதிலேயே. அழுத்திப் பழகிய கைக்கு மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ளது) சுருக்கத்தின் தாழ்ந்த உறுமல் சிக்காது. இந்தச் சுருக்கத்தைக் கொண்டுவரும் ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நம் ஊரில் அதைத் தவறவிடக் கூடாது. தலைப்பகுதியின் இரு பக்கங்களில் சிறிய பக்கத்து டயஃப்ரமைக் கழற்றி ரப்பர் விளிம்பை மாட்டினால் அது திறந்த பெல் (சவ்வில்லாத கிண்ணம்) ஆகிவிடும். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, இதய நுனியில் காற்று புகாத அளவுக்கு மட்டும் வையுங்கள். அமுக்கினால் இழுபட்ட தோலே டயஃப்ரமாகி உறுமலை விழுங்கிவிடும்.

அயோர்ட்டிக் வால்வின் (இதயத்திலிருந்து பெருந்தமனிக்குத் திறப்பது) கசிவுக்கு நேர்மாறு. முன்னால் குனிந்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, மார்பெலும்பின் இடது ஓரம் மூன்றாம் விலா இடைவெளியில் பெரிய பக்கத்தை நன்றாக அழுத்த வேண்டும். ஊதுவது போன்ற அந்த மெல்லிய ஒலியை இது தெளிவாகவே தருகிறது.

அயோர்ட்டிக் சுருக்கத்தின் கரகரப்பு மலிவு ஸ்டெத்திலும் கேட்கும். கழுத்துத் தமனி வரை ஏறும். மைட்ரல் கசிவு அக்குள் பக்கம் போகும். குழப்புவது இதயத்தசைத் தடிப்பு. உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கச் சொன்னால் அதன் மர்மர் கூடும், அயோர்ட்டிக் சுருக்கத்தினுடையது பெரும்பாலும் குறையும். ஸ்டெத்தை எடுக்காமலே நோயாளியை எழுப்ப 69 செ.மீ. குழாய் தோதாக இருக்கிறது.

குழந்தைகளுக்குச் சிறிய பக்கம். வால்வில் கோளாறே இல்லாமல், காய்ச்சலிலும் இரத்தசோகையிலும் இரத்த ஓட்டம் வேகமெடுப்பதால் மட்டும் மர்மர் வரும். காறை எலும்பருகே விடாமல் இரைகிறதா? கழுத்துச் சிரையை விரலால் லேசாக அழுத்துங்கள். நின்றுவிட்டால் அது சிரை இரைச்சல், பயமில்லை. நிற்காமல் இடது காறைக்குக் கீழே இயந்திரம் போல் ஓடினால் மூடாத தமனி நாளத்தை (பிறந்த பின் மூடியிருக்க வேண்டிய, இரு பெருந்தமனிகளை இணைக்கும் குழாய்) சந்தேகித்து எக்கோவுக்கு, அதாவது இதய ஸ்கேனுக்கு, அனுப்புங்கள்.

சத்தத்தை வைத்து நோயின் தீவிரத்தை அளக்காதீர்கள். இதயம் தளர்ந்தவரிடம் கடுமையான அயோர்ட்டிக் சுருக்கமும் அடங்கியே ஒலிக்கும். அதற்கு எந்த ஸ்டெத்தும் உதவாது.

ஒன்றுமே கேட்கவில்லையா? ஸ்டெத்தின் தலைப்பகுதி மறுபக்கம் திரும்பியிருக்கும், அல்லது காதுமுனைகள் மூக்கை நோக்கிச் சாயாமல் இருக்கும். துடைக்க 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், எதிலும் முக்கியெடுக்காதீர்கள். வெறும் கழுத்தில் போட்டால் தோலின் எண்ணெய் பட்டுக் குழாய் விறைத்துவிடும், காலரின் மேல் போடுங்கள்.