மடக்குக் கத்திக்கு 6,800 ரூபாய் அழுதேன், நீங்க அழுதுடாதீங்க

இடது கை ஆள்காட்டி விரல்ல மூணு தையல். பழக்கமில்லாத வலது கையால டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. மடக்குக் கத்தி வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விளக்கமா எழுதுறேன். அதுக்கு முன்னாடி நடந்ததைக் கொட்டிடறேன், இல்லேன்னா இன்னிக்கும் தூக்கம் வராது.

எனக்குத் தாண்டிக்குடி மலைப் பக்கம் மூணு ஏக்கர் காபி. ஊடால மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். தோட்டத்துக்காரனுக்குப் பையில கத்தி இல்லாம பொழுது போகாது. சில்வர் ஓக்குல மிளகுக் கொடி கட்டுற கயிறை அறுக்கணும், சாக்குத் தையல் பிரிக்கணும், சொட்டுநீர் டியூப் வெட்டணும். இத்தனை வருசமா வத்தலக்குண்டு சந்தையில வாங்குற பேனாக்கத்திதான். ஆறு மாசத்துல ஆணி லூசாகி அலகு ஆடும், தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்குவேன். ஒரு தடவையாவது நல்லதா ஒண்ணு வெச்சிக்கணும்னு ஆசை. அந்த ஆசைக்கு விலை 6,800 ரூபாய்.

போன்ல படம் போட்டுப் போட்டு கத்தி விக்கிற ஒரு பக்கம். பேரைச் சொல்லல. சொன்னா நாளைக்கே வேற பேருல வருவான். நம்ம கேக்குற மாதிரி கைப்பிடி மாத்தி, பாக்கெட்ல மாட்டுற கிளிப் மாத்தி, அலகைத் தீட்டித் தர்றதா விளம்பரம். மெசேஜ் போட்டேன், பத்து நிமிசத்துல அவனே கூப்பிட்டான். கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, நீங்க எந்தக் கை?"

அங்கதாங்க விழுந்தேன். எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. இடது கையால எழுதினதுக்கு வாத்தியார்கிட்ட அடி வாங்கினவன். கத்தரிக்கோல்ல இருந்து கவாத்துக் கத்தி வரைக்கும் எந்தக் கடைக்காரனும் என்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டதில்ல. இவன் கேட்டான்.

அப்புறம் அரை மணி நேரம் பேசினான். லைனர் லாக்னா, திறந்த அலகு தானா மடங்காம இருக்க உள்ளுக்குள்ள ஒரு மெல்லிசான தகடு ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு வந்து அலகோட அடிக்குப் பின்னாடி முட்டுக் குடுக்கும், அதை விலக்குறதுக்கு வலது கைக்காரனோட கட்டை விரல்தான் வாகு, இடது கைக்காரன் ஆள்காட்டி விரலை வெச்சுத் தடுமாறணும்னு சொன்னான். "உங்களுக்குத் தகட்டை மறுபக்கம் மாத்திக் கட்டித் தர்றேண்ணே, கிளிப்பும் இடது பாக்கெட்டுக்கு." இரும்பைப் பத்திக் கேட்டேன். டி2ங்கிற இரும்பு வேணாம்ணே, அதுல துருவைத் தடுக்குற குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் கார்பன் அதிகம், பாதி குரோமியம் அதோட சேர்ந்து முடங்கிடும், உங்க மலை மூட்டத்துக்குத் துரு ஏறும். ஸ்வீடன்காரனோட 14சி28என்ங்கிற ஸ்டெயின்லெஸ் போடுறேன், 14 சதவீத குரோமியம், கூடக் கொஞ்சம் நைட்ரஜன், எலுமிச்சை நறுக்கினாலும் கறுக்காதுன்னான். அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிச்சேன். அவன் சொன்ன ஒவ்வொண்ணும் சரி. விவரத்துல ஒரு பொய் இல்ல. சொன்னதைச் செய்யல, அவ்வளவுதான்.

கத்திக்கு 4,300, கைப்பிடிக்கும் இடது கை வேலைக்கும் 2,500, ஆக 6,800. முழுசும் ஜிபே. அட்வான்ஸ் மட்டும் போடுறேன்னு சொல்ல வாய் வந்துச்சு, வெக்கப்பட்டுக்கிட்டு விட்டுட்டேன்.

இன்னொண்ணும் அனுப்பினேன். தாத்தா வெச்ச அராபிகாச் செடியில ஒண்ணு, தண்டுத் துளைப்பான் விழுந்து போன வருசம் பிடுங்க வேண்டியதாப் போச்சு. அதோட தூர்க்கட்டையில நல்லா இருந்த ஒரு துண்டை அறுத்து, அடுப்புக்கு மேல பரண்ல ஒரு வருசம் காய வெச்சிருந்தேன். கைப்பிடிக்கு அதைப் போடச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பினேன். "சூப்பர்ணே, காபி மரத்துல நான் பண்றது இதான் முதல் தடவை"ன்னான்.

பதினஞ்சு நாள்னு சொன்னது ரெண்டு மாசம் ஆச்சு. போன திங்கக்கிழமை வத்தலக்குண்டு கொரியர் ஆபீஸ்ல வாங்கி, பொறுக்க மாட்டாம பஸ்லயே பிரிச்சேன். கிளிப் வலது பக்கம். தகடும் வலது கைக்காரனுக்குத்தான். மடக்கிப் பார்த்தா அலகு நடுவுல நிக்கல, ஒரு பக்கம் சாஞ்சு தகட்டை உரசுது. கைப்பிடி செக்கச்செவேல்னு இருக்கு. காபிக் கட்டை வெளுப்பா, பழைய தந்த நிறத்துல இருக்கும்ங்க. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால துடைச்சேன், துணி சிவந்துச்சு. தாத்தா மரம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு எலுமிச்சம்பழம் நறுக்கி, வேணும்னே துடைக்காம வெச்சேன். காலையில பழுப்புப் புள்ளி.

செவ்வாய்க்கிழமை டியூப் வெட்டும்போது கொஞ்சம் அழுத்தினேன். லாக் வழுக்கி அலகு அப்படியே விரல் மேல மடங்கிருச்சு. தையலும் ஊசியும் போட்டுட்டு வந்து பார்க்கிறேன், தகடு அலகோட அடியில நூல் கனம்தான் தொட்டுக்கிட்டு இருக்கு. வாங்கின அன்னிக்கே அது கண்ணுல பட்டுச்சு. 6,800 குடுத்தவனுக்குக் குறை சொல்ல மனசு வராதே, இப்படித்தான் இருக்கும்போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

நேத்து வத்தலக்குண்டுல ஒரு பட்டறை ஆசாரிகிட்ட காட்டினேன். அரத்தை எடுத்து அலகு ஓரத்துல ஒரு இழு இழுத்தார். "நல்ல துவைச்சல்னா அரம் வழுக்கணும் தம்பி, இது வெண்ணெய் மாதிரி கடிக்குது." துவைச்சல்னா அலகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குறது. நுனிக்கிட்ட லேசா நீலம் பாய்ஞ்சிருந்ததையும் காட்டினார். மெஷின்ல தண்ணி காட்டாமத் தீட்டிச் சூடேத்திட்டான், இருந்த கொஞ்ச துவைச்சலும் போச்சுன்னார். காசு வாங்கல. அவருகிட்ட முதல்லயே போயிருக்கணும்.

இனி அவன் குடுத்த பதிலுங்க. எங்க வீட்ல டவர் கிடையாது, மழையில நனைஞ்சுக்கிட்டு வளைவு வரைக்கும் ஏறிப் போய்த்தான் பேசணும். முதல் நாள் போனே எடுக்கல. சாயங்காலம் மெசேஜ்: "அன்பாக்சிங் வீடியோ இருக்கா சார்?" காசு போடுற வரைக்கும் அண்ணன், இப்ப சார். கைப்பிடி நிறத்தைக் கேட்டா, எல்லா மரமும் காயக் காய நிறம் மாறும்ங்கிறான். லாக்கைக் கேட்டா ஸ்க்ரூவை டைட் பண்ணுங்கன்னான். பண்ணினேன், அலகு திறக்கவே இல்ல. விரல் படத்தை அனுப்பினேன். "லாக் மேல பாரம் குடுத்தது உங்க மிஸ்டேக் சார்." அடுத்து வேற நம்பர்ல ஒரு பொண்ணு, டெக்னிகல் டீம் கூப்பிடுவாங்கன்னு சொல்லி வெச்சிருச்சு. கஸ்டமைஸ் பண்ணினதுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். எதைக் கஸ்டமைஸ் பண்ணினான்? என் பாக்கெட்டைத்தான். அவன் படத்துக்குக் கீழ நான் எழுதினதையும் அழிச்சுட்டான்.

மச்சான் வந்து, "ஏன் மாப்ள, அந்த 6,800க்கு திருப்பாச்சேத்தியில சொல்லி வீட்டுக்கே அருவா அடிச்சிருக்கலாமே"ங்கிறார். எரியிற நெருப்புல எண்ணெய்.

விளக்கமா எழுதுறேன்னு சொன்னேன், விரல் விண்ணு விண்ணுங்குது, அவசரமா அஞ்சு விசயம். கத்தி வந்ததும் திறந்து, விரலைத் தள்ளி வெச்சு, அலகு முதுகை மரத்துல லேசாத் தட்டிப் பாருங்க. மடங்கினா அப்பவே திருப்பிக் கட்டி அனுப்புங்க. காந்தம் ஒட்டுதான்னு பார்க்கிறது வேஸ்ட், துவைச்சல் போட்ட ஸ்டெயின்லெஸ் அலகும் ஒட்டத்தான் செய்யும். இடது கைக்காரங்க லைனர் லாக்கை மாத்தித் தரச் சொல்லாதீங்க, முதுகுல லாக் இருக்கிறதையோ, பிரெஞ்சுக்காரன் ஒபினெல் மாதிரி வளையம் திருகுறதையோ வாங்குங்க, எந்தக் கைக்கும் ஒண்ணுதான். பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. முழுக் காசையும் முன்னாடியே போடாதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு. ஆன்லைன்ல விக்கிறவன், புகார் கிடைச்சுதுன்னாவது 48 மணி நேரத்துல சொல்லணும்னு 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதியில இருக்கு. அதையும் அவனுக்கு அனுப்பினேன். காசு கிடக்கட்டும், அந்தக் கட்டையையாவது திருப்பி அனுப்புடான்னு ராத்திரி ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு.